ஊட்டியில் இன்று எத்தனை டிகிரி?

ஜனவரி மாதக் காலை, ஆறரை மணி. ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் சாலையோரம் கார்களை நிறுத்திவிட்டு, சுற்றுலா வந்தவர்கள் புல்வெளிக்குள் இறங்குகிறார்கள். புல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. செருப்புக்கு அடியில் நறநறவென்று உடைகிறது. ஒரு பையன் கார் கண்ணாடியில் படிந்த பனியை விரலால் சுரண்டித் தங்கையின் கன்னத்தில் தடவ, அவள் அலறிக்கொண்டு ஓடுகிறாள்.

அப்பா போனை எடுத்துப் பார்க்கிறார். 5 டிகிரி என்கிறது. டீக்கடை பெஞ்சில் கிடக்கும் செய்தித்தாளைப் புரட்டினால், ஊட்டியின் குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்று போட்டிருக்கிறது.

“தண்ணி உறையணும்னா ஜீரோ டிகிரி வேணுமே? ஸ்கூல்ல அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க!” என்கிறாள் மகள்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரிக்கிறார். “பேப்பர்ல என்ன வேணா போடட்டும் பாப்பா. ராத்திரி வாளியில வெச்ச தண்ணி மேல ஏடு கட்டியிருக்கு, போய்ப் பாரு.”

ஒவ்வொரு குளிர்காலத்திலும் நீலகிரியில் இப்படி ஒரு பேச்சு எழாமல் இருப்பதில்லை. போன் ஓர் எண் சொல்கிறது. செய்தித்தாள் இன்னோர் எண் சொல்கிறது. புல்லோ எண்ணே சொல்லாமல் உறைந்து கிடக்கிறது. இதில் யார் சொல்வது பொய்?

யாரும் பொய் சொல்லவில்லை. மூவரும் பேசுவது வெவ்வேறு விஷயம். மூன்றுக்கும் ‘வெப்பநிலை’ என்று ஒரே பெயர் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

நாலடி உயரத்து வெள்ளைப் பெட்டி

வானிலை நிலையங்களின் வளாகத்தில் ஒரு வெள்ளை மரப்பெட்டி கால்கள் மேல் நிற்பதைப் பார்த்திருக்கலாம். நான்கு பக்கமும் ஜன்னல் சட்டம்போல் சாய்ந்த பலகைகள் இருக்கும். உள்ளே காற்று போய்வரும். வெயிலோ மழையோ நேரே விழாது. அந்தப் பெட்டிக்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். அதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். ‘டிரெஷர் ஐலண்ட்’ நாவலை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா.

பெட்டிக்குள் வெப்பமானி தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்கு வெள்ளை வண்ணம்தான் பூச வேண்டும். நம் நாட்டில் அதன் கதவு வடக்கு பார்த்து இருக்க வேண்டும். திறக்கும்போது வெயில் உள்ளே விழக்கூடாது என்பதற்காக.

எதற்கு இத்தனை சட்டதிட்டம்? ஒரு வெப்பமானியை வெயிலில் வைத்தால், அது காற்றின் சூட்டைக் காட்டாது. வெயிலில் காய்ந்த தன் சூட்டையே காட்டும். சுவரில் மாட்டினால் சுவரின் சூடு சேர்ந்துகொள்ளும். தார்ச்சாலை ஓரம் வைத்தால் தாரின் சூடு சேரும். ஆளுக்கொரு விதமாக அளந்தால், சென்னை சூடா மதுரை சூடா என்று ஒப்பிடவே முடியாது. அதனால் உலகம் முழுவதும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இத்தனை உயரத்தில், இப்படிப்பட்ட நிழலில், இப்படிக் காற்று புகும் இடத்தில் வைத்த வெப்பமானி எதைக் காட்டுகிறதோ, அதுதான் அந்த ஊரின் வெப்பநிலை.

செய்தித்தாளின் 3 டிகிரி அந்தப் பெட்டியின் எண். போன் காட்டிய 5 டிகிரியோ பெரும்பாலும் எந்த வெப்பமானியும் நேரே சொன்னதல்ல. பல இடத்து அளவுகளை வைத்து, ஒரு பரந்த வட்டாரத்துக்குக் கணினி போட்ட மதிப்பீடு. மலையும் பள்ளமும் மாறி மாறி வரும் நீலகிரியில், அந்த மதிப்பீட்டுக்கு இந்தப் புல்வெளி தனியாகத் தெரியாது.

புல்லின் எண் வேறு

அப்படியானால் புல்லுக்கு என்ன ஆயிற்று?

‘பனி பெய்கிறது’, ‘பனி விழுகிறது’ என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் உறைபனி மேலேயிருந்து விழுவதில்லை. இருந்த இடத்திலேயே உருவாகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில், புல்லும் இலையும் தங்களிடம் உள்ள வெப்பத்தைத் திறந்த வானத்தை நோக்கி வெளியேற்றிக்கொண்டே இருக்கும். திருப்பிக் கொடுக்க மேலே மேகப் போர்வை இல்லை. அதனால் புல்லின் நுனி தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடும். பெட்டிக்குள் 3 டிகிரி இருக்கும்போது புல் நுனி 0 டிகிரிக்குக் கீழே போயிருக்கும். காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் பனிப்படிகமாகப் படிந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஊட்டியில் ஓர் எளிய வழி உண்டு. திறந்தவெளியில் நிறுத்திய காரின் கூரை வெள்ளையாகிவிடும். பக்கத்திலேயே மரத்தடியில் நிறுத்திய கார் ஈரமாக மட்டும் இருக்கும். இரண்டுக்கும் காற்று ஒன்றுதான். ஒன்றின் தலைக்கு மேலே வானம், இன்னொன்றின் தலைக்கு மேலே மரக்கிளை. அவ்வளவுதான் வித்தியாசம்.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் மெல்ல வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் ஒன்றும் இருக்காது, கீழே சமவெளியான புல்தரை வெளுத்துக் கிடக்கும். தாவரவியல் பூங்காவில் ஓர் எண், காந்தலில் ஓர் எண், அவலாஞ்சியில் ஓர் எண் என்று வருவதும் இதனால்தான்.

வானிலைக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. புல்லுக்கென்றே தனி வெப்பமானி வைத்திருக்கிறார்கள். அதைப் பெட்டிக்குள் வைப்பதில்லை. குட்டையாக வெட்டிய புல்லின் நுனி உயரத்தில், வானம் பார்க்க, இரவு முழுவதும் படுக்க வைப்பார்கள். அது காட்டுவது ‘புல் மட்டக் குறைந்தபட்ச வெப்பநிலை’. செய்தித்தாளில் வழக்கமாக வரும் எண் அது அல்ல.

சுற்றுலா வந்தவருக்கு இது ஒரு வேடிக்கை. தேயிலை வைத்திருப்பவருக்கு இது வேடிக்கை அல்ல. இடுப்பளவு உயரத்தில் தட்டையாகக் கவாத்து செய்த தேயிலைச் செடியின் மேல்பரப்பு, புல்லைப் போலவே வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. அங்கேதான் கொழுந்து இருக்கிறது. ஒரே இரவில் உறைந்து, காலை வெயில் பட்டதும் அந்தக் கொழுந்து கருகிவிடும். அதன் பிறகு பல வாரம் பறிக்க ஒன்றும் இருக்காது. ஓர் ஏக்கரோ அரை ஏக்கரோ வைத்துக்கொண்டு, மாதம்தோறும் கொழுந்து விற்ற காசில் பள்ளிக்கூடக் கட்டணமும் மளிகைக் கடனும் கட்டும் பல்லாயிரம் சிறு விவசாயிகள் இந்த மலையில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பெட்டிக்குள் இருக்கும் 3 டிகிரி செல்லுபடியாகாது. புல் மட்டத்து எண்தான் கணக்கு.

அதிகார மொழியிலும் இந்த வித்தியாசம் வந்து நிற்கிறது. மலைப்பகுதியில் ‘குளிர் அலை’ என்று சொல்ல, நிலையத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை 0 டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோல். அந்த 0 டிகிரி, பெட்டியின் 0 டிகிரி. செடி கருகுவதற்கு அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கருவி உடையும் இடத்தில் பிறந்த கேள்வி

ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேட்டால் அகராதியைப் புரட்டுகிறோம். அறிவியல் சொல்லுக்கு அது போதாது, அதை எப்படி அளந்தாய் என்று கேள் என்று வற்புறுத்தினார் ஒரு விஞ்ஞானி. அவர் பெர்சி பிரிட்ஜ்மன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்.

அவருடைய வேலை, பொருள்களை மிகப் பெரிய அழுத்தத்துக்கு உள்ளாக்கி என்ன ஆகிறது என்று பார்ப்பது. அதுவரை யாரும் எட்டாத அழுத்தங்களை அவர் எட்டினார். அங்கே ஒரு சிக்கல் வந்தது. இருந்த அழுத்தமானிகள் அந்த அளவுக்குத் தாங்கவில்லை. கருவியே இல்லாத இடத்தில் ‘இத்தனை அழுத்தம்’ என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? புதிய அழுத்தமானியை அவரே உருவாக்க வேண்டியிருந்தது. ஓர் உலோகக் கம்பியை நசுக்கினால் அதன் மின்தடை எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து அழுத்தத்தைக் கணக்கிட்டார். அந்த உயரத்தில் அழுத்தம் என்ற சொல்லுக்கு அந்தச் செய்முறைதான் பொருள்.

இதற்குச் சில காலம் முன்பு ஐன்ஸ்டைன், ‘ஒரே நேரம்’ என்ற சாதாரணச் சொல்லையே அசைத்திருந்தார். தூரத்தில் நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தன என்று எப்படித் தெரிந்துகொள்வாய், எந்தக் கடிகாரத்தை எப்படிப் பார்த்தாய் என்று அவர் கேட்ட கேள்வியிலிருந்துதான் சார்பியல் கொள்கை வளர்ந்தது. இதையெல்லாம் யோசித்து 1927-இல் பிரிட்ஜ்மன் ஒரு புத்தகம் எழுதினார். அளக்கும் செயல்களின் தொகுப்பே அந்தக் கருத்தின் பொருள் என்பதுதான் அதன் சாரம். 1946-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அது இந்தத் தத்துவத்துக்காக அல்ல, அழுத்தத்தில் அவர் செய்த வேலைக்காக.

இது ஏதோ பல்கலைக்கழகச் சமாசாரம் என்று தோன்றலாம். ஊட்டியில் குடித்தனம் செய்யும் எந்த வீட்டுச் சமையலறையிலும் இது தினமும் நடக்கிறது.

வேகாத பருப்பு

சமவெளியிலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வந்த குடும்பங்கள் முதல் வாரத்தில் கண்டுபிடிக்கும் விஷயம், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது என்பது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். பருப்போ கல்லாகக் கிடக்கும். காரணம், கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் சுமார் 92.5 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எத்தனை விறகு வைத்தாலும் கொதிக்கும் நீரின் சூடு ஏறாது.

‘தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்’ என்பது பள்ளிக்கூடத்து மனப்பாடம். அந்த வாக்கியத்தில் விட்டுப்போன பாதி, ‘கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில்’ என்பது. 1742-இல் தன் வெப்ப அளவை வகுத்த செல்சியஸுக்கே இது தெரியும். அழுத்தம் மாறினால் கொதிநிலை மாறும் என்பதால், எந்த அழுத்தத்தில் என்பதையும் சேர்த்தே சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அவர் கொதிநிலைக்கு 0 என்றும் உறைநிலைக்கு 100 என்றும் வைத்திருந்தார். பிறகுதான் அது தலைகீழாக மாற்றப்பட்டது.

இந்தக் குறையையே ஒரு கருவியாக்கினார்கள். சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை 1 டிகிரி இறங்கும். 19-ஆம் நூற்றாண்டில் மலைகளை ஆராயப் போனவர்கள் ஒரு சிறு கொதிகலனையும் நுட்பமான வெப்பமானியையும் தூக்கிக்கொண்டு போவார்கள். உச்சியில் தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள். ஊட்டியில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 100-க்கு 7.5 டிகிரி குறைகிறது. 7.5-ஐ 300-ஆல் பெருக்கினால் 2,250 மீட்டர். ஏறத்தாழச் சரிதான். தொட்டபெட்டாவின் 2,637 மீட்டருக்கு இதே கணக்கில் கொதிநிலை 91 டிகிரி சொச்சம் வரும். காற்றழுத்தம் அன்றாடம் கொஞ்சம் ஏறி இறங்கும் என்பதால் அதற்கும் ஒரு திருத்தம் போடுவார்கள். இங்கே ‘உயரம்’ என்பது நாடா பிடித்து அளந்த உயரம் அல்ல. தண்ணீர் கொதித்துச் சொன்ன உயரம்.

இல்லத்தரசிகள் இதற்குக் குக்கரைப் பதிலாக வைத்திருக்கிறார்கள். ‘மூணு விசில்’ என்பது ஓர் அளவு. அதில் நிமிடமும் இல்லை, டிகிரியும் இல்லை. குக்கரின் குண்டு ஏற்றும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தோடுதான் சேர்கிறது. வெளிக்காற்று மெலிந்த ஊட்டியில், அதே குண்டு, அதே குக்கர் என்றாலும் உள்ளே சூடு சென்னையைவிடச் சில டிகிரி குறைவு. அதனால் சென்னை அம்மா போனில் சொல்லும் மூன்று விசில், ஊட்டி மகளுக்கு நான்கோ ஐந்தோ ஆகிறது. கடைசியில் இரண்டு விரலுக்கிடையே ஒரு பருப்பை நசுக்கிப் பார்ப்பதுதான் தீர்ப்பு. நசுங்கினால் வெந்தது. ‘வெந்த பருப்பு’ என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறை விளக்கம் கிடையாது.

தேநீருக்கும் இப்படி ஒரு செய்முறை எழுதி வைத்திருக்கிறார்கள். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் 3103-ஆம் எண் தரம், ருசி பார்ப்பதற்குத் தேநீர் தயாரிக்கும் முறையைச் சொல்கிறது. பீங்கான் பாத்திரம், 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம் தூள், புதிதாகக் கொதித்த நீர், 6 நிமிடம். இதன் மூல வடிவமான பிரிட்டிஷ் தரத்துக்கு 1999-இல் சிரிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான இக்நோபல் பரிசு கூடக் கொடுத்தார்கள். ஆனால் அதன் நோக்கம் உலகின் மிகச் சுவையான டீ போடுவது அல்ல. ஒரு தேயிலையையும் இன்னொரு தேயிலையையும் ஒப்பிட வேண்டுமானால், போடும் விதம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான். ‘திடமான தேயிலை’, ‘மணமான தேயிலை’ என்ற சொற்களுக்கு அப்போதுதான் ஒரு பிடி கிடைக்கிறது. அப்படியும் ஒரு சிறு முடிச்சு மிஞ்சுகிறது. ஏல மையம் இருக்கும் குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே கொதிக்கும் நீர் 94 டிகிரிதான்!

காலை எட்டரைக்கு முடியும் நாள்

மழைக்கும் ஒரு செய்முறை உண்டு. ‘10 சென்டிமீட்டர் மழை’ என்றால், விழுந்த நீர் ஓடாமல், ஊறாமல், ஆவியாகாமல் அப்படியே நின்றால் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும் என்று பொருள். அதை அறிய ஒரு குறிப்பிட்ட வாயகலம் உள்ள மழைமானியில் நீரைப் பிடித்து அளக்கிறார்கள். வானிலைத் துறையின் மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது நள்ளிரவில் முடிவதில்லை. காலை 8.30 மணிக்கு முடிகிறது. ‘மழை நாள்’ என்று எழுத வேண்டுமானால் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் பெய்திருக்க வேண்டும். அதற்குக் குறைவாகத் தூறினால், குடை பிடித்துக்கொண்டு போனவருக்கு அது மழை நாள். கணக்குப் புத்தகத்துக்கு அல்ல.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஒரு சதுர மீட்டருக்கு 911 லிட்டர் தண்ணீர். தமிழ்நாடே வியந்த எண். ஆனால் அது அவலாஞ்சி மழைமானியின் எண். மேற்குச் சரிவில் இருக்கும் அவலாஞ்சி, கூடலூர், தேவாலா பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, கிழக்கே கோத்தகிரியில் லேசாகத்தான் இருக்கும். அங்கே அக்டோபர், நவம்பர்தான் பெருமழைக் காலம். ‘நீலகிரியில் எவ்வளவு மழை?’ என்ற கேள்விக்கு, எந்த மழைமானி என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

பலத்த காற்றடித்தால் மழை சாய்ந்து விழும். மழைமானியின் வாய்க்குள் குறைவாகவே சேரும். ஒரு நாளின் மொத்த மழையைச் சொல்லும் எண், அது 24 மணி நேரம் நிதானமாகப் பெய்ததா, 4 மணி நேரத்தில் கொட்டித் தீர்த்ததா என்பதையும் சொல்லாது. மண்ணுக்கு அந்த வேறுபாடு பெரிது. 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவில் வீடு கட்டியிருப்பவருக்கு நாளின் மொத்தம் மட்டும் போதாது. மணிக்கு எவ்வளவு என்ற கணக்கு வேண்டும்.

மேகத்துக்கு எத்தனை வோல்ட்?

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இடிமேகத்தின் உச்சிக்கும் அடிக்கும் இடையே எத்தனை வோல்ட்? இந்தக் கேள்விக்கு உலகம் கவனித்த ஒரு பதில் ஊட்டியிலிருந்து கிடைத்தது.

நூறு கோடி வோல்ட் அளவுக்குக் கூட இருக்கலாம் என்று ஸ்காட்லாந்து விஞ்ஞானி சி.டி.ஆர். வில்சன் 1920-களிலேயே கணித்திருந்தார். ஆனால் அளப்பது எப்படி? மேகத்துக்குள் பலூனை அனுப்பி, அது போகும் வழியெல்லாம் மின்புலத்தைக் குறித்துக்கொண்டு கூட்டிப் பார்த்தார்கள். அந்த வழியில் கிடைத்த மிகப் பெரிய எண் 13 கோடி வோல்ட். பலூன் காற்று அடிக்கும் பக்கம்தான் போகும். அது மேலே ஏறி முடிப்பதற்குள் மேகமும் மாறிவிடும்.

உதகையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் நம் காற்றுமண்டலத்தில் மோதும்போது மியூவான் என்ற மின்னூட்டத் துகள்கள் பிறக்கின்றன. இப்போது கையை நீட்டினால், உள்ளங்கை வழியே விநாடிக்கு ஒன்றிரண்டு மியூவான்கள் துளைத்துக்கொண்டு போகும். கிரேப்ஸ்-3 அவற்றை 3,712 குழாய்க் கருவிகளால் எண்ணுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்கள்.

மியூவானுக்கு மின்னூட்டம் இருப்பதால், இடிமேகத்தைக் கடக்கும்போது அதன் வேகம் கூடும் அல்லது குறையும். கீழே வந்து சேரும் எண்ணிக்கை மாறும். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே வந்த ஓர் இடிமேகத்தால், மியூவான்களின் எண்ணிக்கை 18 நிமிடங்களுக்குச் சுமார் 2 சதவீதம் குறைந்தது. அந்தக் குறைவு ஏற்பட மேகத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று கணினியில் கணக்கிட்டார்கள். விடை, 130 கோடி வோல்ட். பலூன் சொன்னதைப் போல் பத்து மடங்கு. 2019-இல் ஆய்வுக்கட்டுரை வெளிவந்ததும் உலகப் பத்திரிகைகள் எழுதின.

பிரிட்ஜ்மன் இருந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பார். பலூன் அளந்த வோல்ட்டும் மியூவான் அளந்த வோல்ட்டும் ஒன்றா? பலூன் தான் போன ஒற்றைப் பாதையைப் பார்த்தது. மியூவான்களோ மேகத்தின் பரப்பெங்கும் புகுந்து, மேலிருந்து கீழ்வரை மொத்தத்தையும் ஒரே நேரத்தில் உணர்ந்து வந்தன. நடுவில் ஒரு கணினிக் கணக்கும் இருக்கிறது. இரண்டு செய்முறை. ஒரே பெயர். அந்தப் பெயரை இரண்டுக்கும் வைக்கலாமா என்பதை, இரண்டு முறைகளும் சந்திக்கும் இடத்தில் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அறிவியல் அப்படித்தான் மெல்ல நகர்கிறது.

தராசில் ஏறும் கொழுந்து

மேகத்தின் வோல்ட் தப்பினால் யாருக்கும் அடுப்பு அணையாது. தராசில் தப்பினால் அணையும்.

மழை நாளில் பறித்த கொழுந்தில் நீர் ஒட்டியிருக்கும். எடை போடும்போது ஈரத்துக்கென்று ஒரு பங்கைக் கழிப்பது வழக்கம். அப்படியானால் ‘ஒரு கிலோ கொழுந்து’ என்பது என்ன? தராசு காட்டியதா, கழித்தது போக மிஞ்சியதா? எவ்வளவு கழிப்பது என்பதை யார், எதைப் பார்த்து முடிவு செய்வது? அதேபோல் ‘நல்ல கொழுந்து’ என்றால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு மூட்டையில் அது எத்தனை பங்கு, முற்றிய இலை எத்தனை பங்கு என்று ஒரு கைப்பிடி எடுத்துப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கைப்பிடியை மூட்டையின் மேலிருந்து எடுத்தால் ஒரு விடை, அடியிலிருந்து எடுத்தால் வேறு விடை.

பறித்தவருக்குக் கூலி, விற்றவருக்கு விலை, வாங்கியவருக்கு லாபம் எல்லாம் இந்தச் செய்முறையில்தான் தொங்குகின்றன. அதனால்தான் விவரம் தெரிந்த விவசாயி விலை என்ன என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. எப்படிக் கழிக்கிறீர்கள், எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள் என்றும் கேட்கிறார். அவர் பிரிட்ஜ்மனைப் படித்தவரில்லை. கேள்வி ஒன்றுதான்.

அளவில் அடங்காதது

இந்த எண்ணத்தை எல்லைக்கே இழுத்துப் போனவர்களும் உண்டு. புத்திசாலித்தனம் என்பது புத்திசாலித்தனத் தேர்வு எதை அளக்கிறதோ அதுதான் என்று 1923-இலேயே எழுதினார் அமெரிக்க உளவியலாளர் எட்வின் போரிங். கேட்கத் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த வழியில் போனால், மதிப்பெண் எடுக்காத குழந்தைக்கு அறிவே இல்லை என்று முடியும். அளக்க வசதியானதை மட்டும் அளந்துவிட்டு, அளக்காததெல்லாம் இல்லை என்று சொல்வதாகிவிடும். தன் கருத்தை ஓர் இயக்கம்போல் மற்றவர்கள் பிடித்துக்கொண்டதில் பிரிட்ஜ்மனுக்கே பின்னாளில் சங்கடம் இருந்தது.

அளவுமுறைகள் மாறுவதே இதற்குச் சாட்சி. செல்சியஸின் 100 டிகிரி ஒரு காலத்தில் கொதிநீரைக் கொண்டு வகுக்கப்பட்டது. இன்றைய நுட்பமான அளவில், கடல் மட்டத்து அழுத்தத்திலும் தண்ணீர் கொதிப்பது 99.97 டிகிரியில். 2019 மே 20 முதல் வெப்பநிலையின் அலகையும் கிலோகிராமையும் இயற்கையின் மாறிலிகளைக் கொண்டு வகுத்திருக்கிறார்கள். செய்முறைதான் எல்லாமே என்றால், பழைய செய்முறையைவிடப் புதியது ‘மேல்’ என்று சொல்ல வழியே இருக்காது. நாம் தேடிக்கொண்டிருப்பது ஒன்று இருக்கிறது. கருவி அதை நோக்கிப் போகிறது. சில நேரம் பக்கத்தில் போகிறது, சில நேரம் நாலடி தள்ளி நின்றுவிடுகிறது.

நாலடி தள்ளி நிற்கும் அந்தப் பெட்டி தவறான கருவி அல்ல. 3 டிகிரி என்பது உண்மையான எண். ஊரையும் ஊரையும் ஒப்பிட, இந்த ஆண்டையும் போன ஆண்டையும் ஒப்பிட அதைவிட நல்ல வழி இல்லை. அதைக் கொண்டு போய்த் தேயிலைக் கொழுந்தின் மேல் வைத்து, ‘3 டிகிரியில் எப்படிக் கருகும்?’ என்று கேட்பதுதான் தவறு.

டிசம்பர் பிறந்ததும் மலையில் தயாராகிவிடுகிறார்கள். பூங்காவில் அலங்காரச் செடிகளுக்கு மிலார் போர்த்துகிறார்கள். இளம் தேயிலைக்கும் கையில் கிடைக்கும் தழையைப் போட்டு மூடுகிறார்கள். மாலையில் வானத்தைப் பார்க்கிறார்கள். மேகம் இல்லை, காற்று இல்லை, நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிறது என்றால், போன் என்ன சொன்னாலும் வாசலில் உள்ள வாளியை உள்ளே எடுத்து வைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார்கள்.